நம்பர் பிளேட்டுக்குக் காவல்

நம்பர் பிளேட்டுக்கு பல்ப் மாற்றுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பிளேட்டுக்கு மேலே இரண்டு சின்ன மூடிகள். ஸ்க்ரூவைக் கழற்றினால் உள்ளே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பல்ப். பிடுங்கினால் வரும், அழுத்தினால் உட்காரும். ஆனால் வெர்லீனின் கார் வருஷக்கணக்கில் மழையில் நின்ற கார். துருவேறிய ஸ்க்ரூ அசைவேனா என்று அடம் பிடித்தது.

போன தடவை அவள் ஏமாந்தது அதில்தான். எரியாத பல்பை மட்டும் மாற்றிவிட்டு, இன்னொரு பக்கத்து ஸ்க்ரூ மசியவில்லை என்றதும், எரிகிறவரை எரியட்டும் என்று விட்டுவிட்டாள். அடுத்த வாரமே அதுவும் போயிற்று. ராத்திரியில் நம்பர் பிளேட் விளக்கு எரியாமல் ஓட்டுவது அங்கே குற்றம். ஹாஸ்கெல் என்ற போலீஸ்காரன் அவள் மகன் கோர்டெஸை இரண்டாவது முறையாக ஓரங்கட்டினான். இன்னொரு தடவை பார்த்தால் அபராத டிக்கெட் எழுதிவிடுவேன் என்று சொல்லி அனுப்பினான்.

எழுதினால் அபராதத்தோடு போகாது. பத்தொன்பது வயதில் செய்த ஒரு முட்டாள்தனத்துக்கு ஜெயிலுக்குப் போய், தண்டனை பாதி இருக்கும்போதே வெளியே விடப்பட்டவன் கோர்டெஸ். ஒரு டிக்கெட் வாங்கினாலும் மீதியை உள்ளே கழிக்க வேண்டும் என்பது கோர்ட் வைத்த நிபந்தனை. அலபாமாவின் அந்த ஊரில், கறுப்பு ஆள் ஓட்டுகிற காரை நிறுத்த நம்பர் பிளேட் விளக்கைவிடத் தோதான சாக்கு கிடையாது. ஓட்டுகிறவன் கண்ணுக்கு அது தெரியாது. எரியவில்லை என்று போலீஸ்காரன் சொன்னால் சொன்னதுதான்.

அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஆராதனைக்கு முன்னால், சர்ச் வாசலிலேயே வெர்லீன் மண்டி போட்டு உட்கார்ந்து இரண்டு பல்பையும் மாற்றினாள். வேறு துணி அகப்படாமல் கையுறையோடு திருகியதில், இடது கையுறை துருவும் கறுப்பு எண்ணெயுமாகிவிட்டது.

ஒடெஸ்ஸா பார்த்துவிட்டாள். வாசலில் நின்று ஜனங்களை வரவேற்று உட்கார வைக்கும் பெண்களுக்கெல்லாம் தலைவி அவள்; வெர்லீனும் அந்தப் பெண்களில் ஒருத்தி. வெள்ளைச் சீருடை, வெள்ளை ஷூ, வெள்ளைக் கையுறை. இடது கை முதுகுக்குப் பின்னால். இன்னொருத்தி வந்து மாற்றிவிடும்வரை நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது. இதில் எது பிசகினாலும் ஒடெஸ்ஸாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

"வெர்லீன், அது கர்த்தரோட வேலைக்குப் போடற கையுறை."

"இது மட்டும் யார் வேலையாம், சிஸ்டர்?"

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. நிக்கும்போது அந்தக் கைய நல்லாப் பின்னால மறைச்சுக்கோ. யார் கண்ணுலயும் படக் கூடாது."

ஆராதனை முடிந்து கிளம்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. அம்மாவை வீட்டில் இறக்கிவிட்டுக் கோர்டெஸ் கோழி இறைச்சி ஆலைக்கு வேலைக்குப் போக வேண்டும். பாலம் தாண்டியதும் பின்னால் நீல விளக்கு சுழன்றது. கோர்டெஸ் ஓரமாக நிறுத்தி, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேலே வைத்தான்.

"எதுக்கு நிறுத்தினேன்னு தெரியுதா?" என்றான் ஹாஸ்கெல்.

"தெரியல சார்."

"நம்பர் பிளேட் லைட் எரியல."

"ரெண்டும் புது பல்ப் சார்," என்றாள் வெர்லீன். "இன்னைக்கு நானே மாட்டினேன்."

"பாத்துட்டுத்தான் வர்றேன்."

"உங்க ஹெட்லைட்ட அது மேலயே அடிச்சு வச்சுக்கிட்டு என்னத்தப் பாத்தீங்க? அத அணைச்சுட்டுப் பாருங்க."

"மேடம், பேசாம உக்காருங்க. நீ லைசென்ஸை எடு."

அப்போது வெர்லீன் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். போலீஸ் காருக்குப் பின்னால் சர்ச்சிலிருந்து வந்த கார்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதல் காரிலிருந்து ஒடெஸ்ஸா இறங்கினாள். இடது கையை முதுகில் கட்டி, பீடத்தை நோக்கி நடக்கிற அதே நடையில் வந்து, போலீஸ் காருக்கும் வெர்லீனின் காருக்கும் நடுவில் நின்றாள். அகலமான உடம்பு. ஹெட்லைட் வெளிச்சம் அவள் முதுகோடு நின்றுபோயிற்று. அவள் நிழல் விழுந்த இடத்தில், இரண்டு சின்ன பல்புகள் நம்பர் பிளேட்டின் மேல் எரிந்துகொண்டிருந்தன.

ஹாஸ்கெல் பின்பக்கம் போனான். "உங்க காருக்குப் போங்கம்மா. இங்க நிக்கிறது ஆபத்து."

"எனக்கு அறுபத்தொன்பது வயசாச்சு, தம்பி. இந்த ரோட்டுல எல்லா ஆபத்தையும் பாத்தாச்சு. இப்பக் கீழ பாருங்க. நம்பர் தெரியுதா?"

ஒடெஸ்ஸா குனிந்து, பாட்டு எண் அறிவிப்பதுபோல எழுத்தெழுத்தாக நம்பரைச் சத்தமாகப் படித்தாள். பின்னாலிருந்து ஒருத்தி, "இங்க வரைக்கும் தெரியுது சிஸ்டர்," என்றாள். யாரோ சிரித்தார்கள்.

"எவ்வளவு நேரம் நிப்பீங்க?" என்றான் ஹாஸ்கெல், டிக்கெட் புத்தகத்தைத் திறந்துகொண்டே. "நீங்க போனதும் எழுதிக்கறேன்."

ஒடெஸ்ஸா வலது கையை உயர்த்தி ஒரு சைகை காட்டினாள். சர்ச்சில் ஆள் மாற்றும் சைகை அது. இரண்டாவது காரிலிருந்து இன்னொரு வெள்ளைச் சீருடை வந்து அவள் பக்கத்தில் நின்றது. அதன் பிறகுதான் ஒடெஸ்ஸா நகர்ந்தாள். நிழல் ஒரு நொடிகூட விலகவில்லை. பின்னால் இன்னும் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள்.

வெர்லீன் கதவைத் திறந்தாள்.

"அம்மா, வேணாம்," என்றான் கோர்டெஸ், உதடு அசையாமல்.

பயம் இருந்தது அவளுக்கு. இல்லாமல் என்ன? ஆனால் எத்தனை வருஷம் அந்த இருக்கையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். அழுக்குக் கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

"உள்ள உக்காரச் சொன்னேன்," என்றான் ஹாஸ்கெல்.

"என் முறை வந்துருச்சு சார்."

அவள் போய் நின்றாள். ஹாஸ்கெல் அவளைப் பார்த்தான், வரிசையைப் பார்த்தான், கடைசியில் வேறு வழியில்லாமல் நம்பர் பிளேட்டைப் பார்த்தான். புத்தகத்தை மூடினான். "கிளம்புங்க," என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போய்க் காரில் ஏறினான்.

அவன் கார் பாலத்தைத் தாண்டிப் போன பிறகும் வெர்லீன் அசையவில்லை. ஒடெஸ்ஸா வந்து தோளைத் தொட்டாள்.

"போதும், ஏறு. பையனுக்கு வேலைக்கு நேரமாச்சு. அந்தக் கையுறையத் தொவச்சுட்டு வா, அடுத்த வாரத்துக்கு."

"தொவைக்க மாட்டேன் சிஸ்டர். இப்படியேதான் போட்டுட்டு வருவேன்."

ஒடெஸ்ஸா அந்தக் கையுறையை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"அப்ப அந்தக் கைய முன்னால வச்சுக்கிட்டு நில்லு," என்றாள். "எல்லாரும் பாக்கட்டும்."