ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம்

ஆறு மணிக்கு எழுந்தான். பால் காய்ச்சினான். இன்னொரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு மேசைமேல் வைத்தான். அவன் மனைவி துண்டால் தலையை மூடிக்கொண்டு பத்து நிமிடம் ஆவி பிடித்தாள். அதற்குள் அவன் சவரம் செய்து முடித்தான். பிறகு பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளில் அன்றைய தேதியை எழுதினான். பக்கத்துக் கட்டத்துக்கு 'பேசிய நிமிடங்கள்' என்று தலைப்பு. அதைச் சாயந்திரம் நிரப்ப வேண்டும். அதுவும் அவன் வேலைதான். ஐந்துக்கு மேல் போகக்கூடாது.

அவளுக்குக் குரல்தான் பிழைப்பு. வாஷிங் மெஷின் கம்பெனியில் புகார் கேட்கும் பிரிவு. மெஷின் ஓடாத கோபத்தில் கத்துகிறவர்களிடம் தினம் எட்டு மணி நேரம் தேன் தடவிப் பேச வேண்டும். ஆறு மாதமாகக் குரல் கரகரத்தது. சளி என்று நினைத்தார்கள். மாத்திரைக்கும் வெந்நீருக்கும் மசியவில்லை. காலையில் சுமாராக இருக்கும். மதியத்துக்குள் பாதி வார்த்தைக்குமேல் வெறும் காற்றுதான் வரும். "என் குரலை யாரோ இரவல் வாங்கிட்டுப் போயிட்டாங்க, திருப்பித் தர மாட்டேங்கறாங்க" என்று அவளே கேலி செய்துகொண்டாள்.

தொண்டை டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை இறக்கினார். பக்கத்தில் பேச்சுப் பயிற்சி தருகிறவன் நின்றான். இவர்கள் வயதுதான் இருக்கும். வெண்ணெயில் வழுக்கிக்கொண்டு வருகிற குரல். திரையில் இரண்டு வெளுத்த நாடாக்கள் விரிந்து சேர்ந்தன. இடது நாடாவின் ஓரத்தில் கடுகளவு சிவந்த வீக்கம். அது இடையில் நின்றுகொண்டு இரண்டையும் முழுதாகச் சேரவிடவில்லை. இடுக்கு வழியே காற்று ஒழுகியது. "ஈன்னு இழுங்க" என்றான் பயிற்சியாளன். அவள் இழுத்தாள். வலது பக்கம் எவ்வளவு அழகாக அதிர்கிறது பாருங்கள் என்று டாக்டரிடம் காட்டினான்.

கல்யாணமாகி நான்கு வருடம். மனைவிக்குள் அப்படியொரு இடம் இருப்பதே கணவனுக்கு அன்றுதான் தெரியும். அதைப் பார்த்து இன்னொருத்தன் அழகு என்கிறான். வயிறு எரிந்தது.

அறுவைச் சிகிச்சை வாய் வழியாகவே முடிந்தது. வெளியில் ஒரு கீறல்கூட இல்லை. எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்று இல்லை, வெறும் சதை வளர்ச்சி என்று பதில் வந்தது. ஏழு நாள் பேசக்கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அதுவும் குரல் நாடாக்களைச் சிரமப்படுத்தும். செருமவும் கூடாது.

அந்த ஏழு நாளும் அவன்தான் ராஜா. அவள் புருவத்தைத் தூக்கினால் சாவி எங்கே என்று அர்த்தம். மூக்கைச் சுளித்தால் குப்பையை எடுத்துப் போ என்று அர்த்தம். எழுதிக் காட்டக்கூட அவசியமிருக்கவில்லை. மாமியார் போன் செய்தால் அவன் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னான். அவளுக்கும் உலகத்துக்கும் நடுவில் அவன்தான் வாய்.

எட்டாம் நாள் ஐந்து நிமிடம் திறந்துவிட்டார்கள். ராஜாங்கம் கவிழ்ந்தது.

மூன்று நிமிடம் பயிற்சியாளனுக்குப் போனது. ஒரு தம்ளர் தண்ணீரில் உறிஞ்சுகுழலை விட்டு 'ஊ' என்று குமிழி விடுவாள். அவன் "சூப்பர்" என்பான். ஒரு நிமிடம் போனில் அவள் அம்மாவுக்கு. மிச்சம் ஒரு நிமிடம் எதிர்ப்பட்டவர்களுக்கு. ஒருநாள் தக்காளி விலையைக் குறைக்கச் சொல்லிக் காய்காரரிடம் நாற்பது விநாடி வாதாடினாள். புதுக் குரல் துடைத்து வைத்த கண்ணாடிபோல இருந்தது. கணவன் அதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டான். அவனுக்கு வந்ததெல்லாம் பழைய புருவமும் மூக்கும்தான்.

அன்று சாயந்திரம் கேட்டேவிட்டான். "காய்காரருக்கு நாற்பது செகண்ட். எனக்கு?"

அவள் சிரித்தாள், சத்தமில்லாமல். அவன் கன்னத்தைத் தட்டிவிட்டு ஐந்து விரலையும் விரித்து மடக்கிக் காட்டினாள். அன்றைய அளவு முடிந்திருந்தது.

குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் அவனுக்கு வேலை. சேர்ந்து ஆறு வருடம். மேலே இருக்கிறவர்கள் ஜாடைமாடையாகக் கேட்டும் ஒரு அளவைக்கூட மாற்றி எழுதியதில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அன்று அந்தக் கட்டத்தில் பதினொன்று என்று எழுதினான். எனக்கு இல்லாத குரல் ஒருத்தனுக்கும் வேண்டாம்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் டாக்டர் கேமராவை விட்டுப் பார்த்தார். ஆறிக்கொண்டு வருகிறது, லேசான சிவப்புதான், அது சகஜம் என்றார். பிறகு அவர்கள் கொண்டுவந்திருந்த பிரிட்ஜ் தாளைப் பார்த்தார்.

"பதினொண்ணா? என்னம்மா, பச்சைப் புண்ணை வெச்சுக்கிட்டு இப்படியா பேசறது?"

நாளைக் காலையிலிருந்து இன்னும் ஏழு நாள் மௌனம், பயிற்சியும் கிடையாது என்று முடிவாயிற்று. பயிற்சியாளனின் முகம் தொங்கியது. அதைப் பார்க்கக் கணவனுக்கு இனித்தது.

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். எழுத்து யாருடையது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவனை நிமிர்ந்து பார்த்தாள். இல்லை டாக்டர், நான் பேசவில்லை என்று சொல்ல அன்றைய ஐந்து நிமிடமும் அவளிடம் முழுதாக இருந்தது. சொல்லவில்லை. டாக்டருக்குத் தலையாட்டிவிட்டு எழுந்தாள்.

மௌனத்தின் ஐந்தாம் நாள் மத்தியானம், கொடியிலிருந்து துணி எடுக்கும்போது விழுந்தாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்ததாம். தொண்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரே போன் செய்து இரண்டு தடவை சொன்னார். அவன் சரி என்றான்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களெல்லாம் ஒன்றையே கேட்டார்கள். கடைசியாக என்ன பேசினாள்? மாமியாரிடம், உங்க முழங்கால் வலியைத்தான் விசாரிச்சா என்றான். அந்த அம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆபீஸ் தோழிகளிடம், உங்களைப் பற்றித்தான் பேசினாள் என்றான். பயிற்சியாளனும் வந்தான். வாசலில் நின்று மூக்கைச் சிந்தினான். இவன் ஏன் அழுகிறான் என்று அப்போதும் எரிந்தது. கடைசியா என்ன சார் சொன்னாங்க என்று கேட்டான். அந்த ஆளுக்குப் பொய்கூடக் கொடுக்க மனம் வரவில்லை.

உண்மையில் அவள் கடைசியாகப் பேசியது, டாக்டர் அந்தத் தாளைப் பார்த்த அன்று, ஆஸ்பத்திரி வாசலில், வண்டி நிறுத்துமிடத்தில். அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தான். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அன்று அதற்கப்புறம் அவள் அம்மாவுக்குப் போன் செய்யவில்லை. காய்காரரிடம் விரலைக் காட்டி வாங்கினாள். மறுநாள் காலை மௌனம் தொடங்கிவிட்டது. ஆக, அந்த ஐந்து நிமிடத்தில் அவள் செலவழித்தது நாலைந்து விநாடிதான். ஹெல்மெட்டை ஒரு பக்கம் தூக்கிவிட்டு, காதோரமாக, அந்தப் புதுக் குரலில் கேட்டாள்.

"பதினோரு நிமிஷம் பேசினேனாமே. அதுல உங்களுக்கு எத்தனைன்னு எழுதினீங்க?"