முத்து கட்டாத அம்மை

வாசல் கிரில்லில் கட்டிய வேப்பிலை காய்ந்து சுருண்டுவிட்டது. மாமியார் ஜெயாவின் காய்ச்சல் மட்டும் இறங்கவே இல்லை. மண்டையைப் பிளக்கும் வலியோடுதான் அது தொடங்கியது. பிறகு நெஞ்சிலும் வயிற்றிலும் சிவப்புப் பொட்டுகள் தெரிந்ததும், "அம்மா எறங்கியிருக்கா" என்று ஜெயா தானே முடிவு கட்டிவிட்டாள். அன்றிலிருந்து அந்த வரிசை வீட்டில் தாளிப்பு இல்லை, மீன் இல்லை, மாத்திரையும் இல்லை. லாரியோடு ஜொகூர் போயிருந்த மகன் கணேஸ்வரன், மனைவியிடம் "அம்மா சொல்றத கேளுலா" என்று போனை வைத்துவிட்டான்.

கல்யாணமாகி வந்த நாள் முதல் 'ம்' என்ற ஒற்றை எழுத்திலேயே காலம் தள்ளியவள் கலைமகள். ஒரு மத்தியானம் ஜெயா அவளை யாரென்றே தெரியாமல் வெறித்துப் பார்த்து, "ஸ்டோர் சாவி எங்க?" என்று பிதற்றினாள். கலைமகள் கையிலிருந்த வேப்பங்கொத்தால் மாமியாரின் வயிற்றை மெல்ல வருடினாள். இலை எங்கும் தட்டவில்லை, வழவழவென்று வழுக்கிக்கொண்டு போனது. சின்ன வயதில், புலாவ் செபாங் எஸ்டேட்டில், தனக்கு அம்மை போட்டிருந்தபோது உடம்பெல்லாம் நீர் கோத்து நின்ற கொப்புளங்கள் அவளுக்கு நினைவுக்கு வந்தன.

ஜெயாவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்ததும் கலைமகள் கூப்பிட்டாள்.

"அத்தை, ஆத்தா வந்தா முத்து போடுவா இல்ல?"

"போடுவா. அதுக்கென்ன இப்போ?"

"ஒரு முத்துகூட காணோமே."

"கண்ணு அவிஞ்சி போச்சாடி உனக்கு?"

"நீங்களே தடவிப் பாருங்க. அவ வராத வீட்டுல அவ பேரச் சொல்லிப் படுத்திருந்தாத்தான் அத்தை அவளுக்குக் கோவம் வரும்."

ஜெயாவின் விரல்கள் வயிற்றின்மேல் நெடுநேரம் தேடின. "வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேன்" என்று முனகினாள். "சரி, கிராப் டாக்சியக் கூப்பிடு."

கிளினிக்கில் இளம் டாக்டர் பொட்டுகளைப் பார்த்துவிட்டு, வீட்டில் எலி உண்டா என்று மலாயில் கேட்டார். "தெனம் மொப் போடுறேன்னு சொல்லுடி அவருகிட்ட" என்று அந்தக் காய்ச்சலிலும் ஜெயா சீறினாள். கலைமகளுக்கோ கட்டிலடி நினைவில் வந்தது. கோழித்தீவன ஸ்டோரைக் கூட்டும் வேலை பார்க்கிற ஜெயா, கழித்துப்போட்ட சாக்குகளைக் கால்மிதி தைக்கக் கொண்டுவந்து அங்கேதான் அடைத்திருந்தாள். அவற்றிலிருந்து கடுகுபோல ஏதோ துள்ளியதை இவள் பார்த்திருக்கிறாள். தடுமாறும் மலாயில் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எலித் தெள்ளுப்பூச்சியால் வரும் காய்ச்சலாக இருக்கலாம், பழைய நோய்தான், இப்போது மறுபடி தலைகாட்டுகிறது என்றார். ரத்த முடிவுக்குக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கி, வார்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஜெயா மெலிந்து, தெளிந்த கண்களோடு வீடு திரும்பினாள். அதற்குள் சுகாதார ஆட்கள் சாக்குகளைக் கட்டி எடுத்துப் போயிருந்தார்கள். "நல்ல கெட்டிச் சாக்குடி" என்று அங்கலாய்த்தவள், "ரசத்தத் தாளிச்சுக் கொட்டு. நாக்கு செத்துப்போச்சு" என்றாள்.

எண்ணெயில் கடுகு வெடிக்கும்போதுதான் ஜெயா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கலை, கூட வேலை பாக்குற ஷாந்தினியும் சாக்கு எடுத்துட்டுப் போனாளே. இப்போ வேலைக்கு வர்றதில்லையாம். வீட்டுல வேப்பிலை கட்டியிருக்காங்களாம்."

கலைமகள் அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

பின் வரிசையின் கடைசி வீட்டு கிரில்லில் வேப்பிலை இன்னும் பச்சையாகவே இருந்தது. அம்மை போட்ட வீட்டுக்கு யாரும் வரக்கூடாது என்பதால் கதவு சாத்தியிருந்தது. அவள் ஒரு கையால் கொத்தை விலக்கிப் பிடித்துக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி, "ஷாந்தினிக்கா!" என்று கூப்பிட்டாள்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.