நாற்பத்தோராம் பக்கம்

எல்வா வேகவைத்த முட்டைகளை முள்கரண்டியால் மசித்துக்கொண்டிருந்தபோது, அக்கா மகள் ராபின் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். நடுவில் ஒரு ஊதாக் காகிதம் செருகியிருந்தது. அக்கா டல்சியின் அடக்கத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. இரண்டு டஜன் முட்டை, நான்கு பாக்கெட் ரொட்டி, எல்லாவற்றையும் முக்கோணமாக வெட்டியாக வேண்டும். இந்த ஊரில் கறிப்பொடி போட்ட முட்டை சாண்ட்விச் இல்லாமல் யாரையும் மண்ணுக்குள் அனுப்புவதில்லை.

"அம்மா சொன்ன பக்கத்துல வச்சிருக்கேன் சித்தி. கண்ணாடிய மறந்துடாதீங்க" என்றாள் ராபின்.

எல்வா தலையை நிமிர்த்தவில்லை. அது எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும். இந்த ஊரில் எட்டு வயது தாண்டிய எவருக்கும் தெரியும். நாற்பத்தோராம் பக்கம். புழுதிப் புயலில், பன்னிரண்டு வயது டல்சி முள்வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டே ஏழு மைல் நடந்து, சாகக் கிடந்த அம்மாவைக் காப்பாற்ற ஆள் கூட்டிவந்த பக்கம். பத்து வயதுத் தங்கை எல்வி, அதாவது இந்த எல்வா, கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்ட பக்கம்.

நடந்தது எல்வா. கட்டிலுக்கு அடியில் கிடந்தது டல்சி.

ஏழு வருஷத்துக்கு முன்னால் மெல்பர்னிலிருந்து ஒரு எழுத்தாளப் பெண் வந்து, டல்சியின் அலமாரியில் கிடந்த பழைய பள்ளி நோட்டை வாங்கிப்போய், பிள்ளைகளுக்கான நாட்குறிப்புப் புத்தகமாக ஆக்கிவிட்டாள். அட்டையில் 'டல்சியின் நாட்குறிப்பு, 1931' என்று போட்டு, கிழிந்த கவுனோடு ஒரு சிறுமியின் படம். பெயர்களை மாற்றட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று டல்சியே சொன்னாளாம். அதற்கப்புறம் டல்சிக்கு வந்த வாழ்வைக் கேட்கவேண்டுமா! பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் கடிதம் எழுதினார்கள். ஒரு தடவை பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்கி டல்சியைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். டீக்கோப்பைகளைத் தூக்கிவந்த எல்வாவைப் பார்த்து ஒரு வாண்டு, "நீங்கதான கட்டிலுக்கு அடியில போனவங்க?" என்று கேட்டது. எல்வா கோப்பைத் தட்டை மேசைமேல் நங்கென்று வைத்தாள். டல்சி அப்போது குனிந்து தன் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க எல்வாவுக்கு வெட்கமில்லை. பொறாமைதான். அழகான கூந்தல் டல்சிக்கு, வீட்டுக்காரர் டல்சிக்கு, ராபின் மாதிரி ஒரு பெண் டல்சிக்கு. அதையெல்லாம் அவள் விட்டுக்கொடுத்துவிட்டாள். தன் வாழ்க்கையில் தான் செய்த ஒரே பெரிய காரியம் அந்த ஏழு மைல். அதையும் அக்கா எடுத்துக்கொண்டாளே என்பதுதான் நெஞ்சைவிட்டு இறங்காமல் நின்றது. டல்சி தானாக வாயைத் திறந்து சொல்லட்டும் என்று காத்திருந்தாள். கேட்டு வாங்குவதற்கு அவள் ரோஷம் இடம் கொடுக்கவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே டீப்பானையிலிருந்து ஊற்றிக் குடித்துக்கொண்டு, ஏழு வருஷம் இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் டல்சிக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. எல்வா பக்கத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். டல்சி கண்ணைத் திறந்து, "நாப்பத்தொண்ணு" என்றாள்.

"என்னது?"

"சர்ச்ல. நாப்பத்தோராம் பக்கம். நீதான் படிக்கணும், எல்வி. ராபின் வேண்டாம், அந்த ஸ்கூல் டீச்சர் வேண்டாம். நீ."

சாகப்போகிறவளிடம் என்ன சண்டை என்று எல்வா சரி சரி, தூங்கு என்றாள். டல்சி தூங்கவில்லை. தங்கையின் வலது கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். மறுநாள் காலை போய்ச் சேர்ந்தாள்.

போகிற போக்கிலும் என் வாயாலேயே அவள் பெருமையைப் பாடவைத்துவிட்டுப் போகிறாள் பார் என்று எல்வாவுக்கு வயிறு எரிந்தது. அதனால் இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக ஒரு தாளில் நான்கு வரி எழுதி, மடித்து, கறுப்புக் கோட்டின் பையில் வைத்துக்கொண்டாள். நடந்தது நான், ஒளிந்தது அவள், இதோ என் கை, பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தைப் படித்து முடித்ததும் அந்தத் தாளைப் பிரிப்பது என்று முடிவு. ஊர் முழுக்க இருக்கும். இனி ஒரு நாள் இப்படிக் கிடைக்காது.

சர்ச்சில் உட்கார இடமில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து பதினாறு பிள்ளைகள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் மஞ்சள் பூத்த வாட்டில் மரக்கிளை ஒன்று. பெட்டியின்மேல் அந்தப் புத்தகத்தின் அட்டைப்படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். டல்சியின் போட்டோவைவிட அது பெரியதாக இருந்தது. போதகர் துணிச்சலைப் பற்றிப் பேசினார். "ஒரு சிறுமி, ஒரு முள்வேலி, கடவுளின் கை" என்றார். கடவுளின் கை அன்றைக்கு எங்கே போயிருந்தது, என் கைதானே கிழிந்தது என்று எல்வா மனசுக்குள் கருவினாள்.

கூப்பிட்டார்கள். எல்வா எழுந்து போய், கண்ணாடியைச் சரிசெய்து, ஊதாக் காகிதம் இருந்த இடத்தில் புத்தகத்தைத் திறந்தாள். இடது கை கோட்டுப் பையில் அந்தத் தாளைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"காலையிலிருந்து காற்று" என்று படித்தாள். "மத்தியானம் மூன்று மணிக்கே விளக்கு ஏற்றினோம். சாப்பாட்டுத் தட்டுகளைக் கவிழ்த்துத்தான் வைத்திருக்கிறோம், ஆனாலும் அடியில் புழுதி. அப்பா முயல் பிடிக்கப் போய் ஒன்பது நாள் ஆகிறது. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். கூப்பிட்டால் பதில் இல்லை. யாராவது ரயில் நிறுத்தத்துக்குப் போய் ஆளைக் கூட்டிவர வேண்டும்."

அடுத்த வரி அவளுடைய பெயரில் தொடங்கியது. எல்வி கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள்.

அங்கே அவளுக்கு வாய் நின்றுவிட்டது. அந்த இடத்தில் எல்வி என்ற பெயர் இருந்ததே இல்லை. மெல்பர்ன்காரி விளங்குவதற்காகச் செருகியது அது. நோட்டில் இருந்தது 'அவள்' என்ற சொல்தான். அது ஏன் 'அவள்' என்று ஆனது என்பது, இத்தனை காலம் எங்கே ஒளிந்திருந்ததோ, அந்த மேடையில் நிற்கும்போது அவளுக்கு ஞாபகம் வந்தது.

அந்தக் காலத்தில் பள்ளி டீச்சர் கொடுத்த நோட்டு அது. இரண்டு பேருக்கும் ஒரே நோட்டு. ஒருநாள் டல்சி, ஒருநாள் எல்வி என்று முறை வைத்து எழுதவேண்டும், திங்கள்கிழமைதோறும் டீச்சர் வாங்கிப் படிப்பாள். எல்வி தன் முறையில் 'காற்று. நேற்று மாதிரியே' என்று எழுதிவிட்டு ஓடிவிடுவாள். அன்றைக்கு எல்வியின் முறை. அம்மாவைத் தண்டவாளத்தில் ஓடும் டிராலியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாகிவிட்டது. வலது கையில் மாவுச்சாக்குத் துணியைச் சுற்றியிருந்தார்கள், பென்சில் பிடிக்க முடியாது. அதனால் எல்வி சொல்லச் சொல்ல டல்சி எழுதினாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. கட்டில் வந்த இடத்தில் மட்டும் பென்சிலை நிறுத்தினாள்.

"என் பேர எழுதவா?" என்று கேட்டாள். அவள் மூக்கு சிவந்திருந்தது.

எல்வி அந்த மூக்கைப் பார்த்தாள். "வேண்டாம். அவள்னு போடு. டீச்சர் படிச்சா சிரிப்பாங்க."

அவ்வளவுதான் நடந்தது. பத்து வயசுப் பிள்ளை அக்காமேல் இரக்கப்பட்டு ஒரு பெயரை மறைத்தது. கையெழுத்தும் டல்சியுடையது. அந்த ஓட்டை வழியாகத்தான் பிற்பாடு எல்லாம் போய்விட்டது.

சர்ச்சில் யாரோ இருமினார்கள். ராபின் முன்னால் சாய்ந்து உதவிக்கு எழுந்துவரவா என்பதுபோல் பார்த்தாள். எல்வா வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"அவள் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள்" என்று படித்தாள். "கையை நீட்டி வரச் சொன்னேன். வரவில்லை. ஆகவே நான் போனேன்."

நான் போனேன். அத்தனை பேருக்கு முன்னால் அது தன் வாயிலிருந்து வந்ததை அவளே கேட்டாள். டல்சி ஏன் ராபின் வேண்டாம், டீச்சர் வேண்டாம் என்றாள் என்பது அப்போதுதான் விளங்கியது. திருட்டுப் பொருளை வீட்டுக்காரிக்குத் தெரியாமல் கொல்லைப்பக்கமாகக் கொண்டுவந்து வைப்பதுபோல, அவளுக்குத் தெரிந்த விதத்தில் திருப்பி வைத்திருக்கிறாள். கோழை. கடைசிவரைக்கும் கோழை. எல்வாவுக்குக் கோபம் வந்தது, அதோடு அக்காமேல் இரக்கமும் வந்தது. எது முந்திக்கொண்டு வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"ரயில் பாதைவரைக்கும் வேலி போகிறது. கண்ணைத் திறக்க முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டே போனேன். முள் வரும் இடத்தில் கையை எடுக்கலாம் என்று பார்த்தேன். எடுத்தால் வேலி காணாமல் போய்விடும் என்று பயம். எடுக்கவில்லை. ஏழு மைல். நான் அழவில்லை. திரும்பி வந்து அவளைப் பார்த்தபிறகு அழுதேன்."

பக்கம் முடிந்தது. பையில் இருந்த தாளை அவள் விரல்கள் மடித்தன, இன்னும் ஒரு மடிப்பு மடித்தன. புத்தகத்தை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள். ராபின் அவள் முழங்கையைப் பிடித்து, அம்மாவே பேசுவதுபோல் இருந்தது என்றாள். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய்க் கிளைகளைப் பெட்டிமேல் வைத்தார்கள். அதைப் பார்க்கையில் ஒரு நொடி மறுபடியும் வயிறு எரிந்தது. அது உடனே போய்விடக்கூடியதா என்ன.

கல்லறையிலிருந்து திரும்பிய பின் ஊர்க்கூடத்தில் டீ. எல்வா மேசைக்குப் பின்னால் நின்று தட்டுகளை எடுத்துக் கொடுத்தாள். தட்டுகளை அவள் கவிழ்த்துத்தான் அடுக்கியிருந்தாள். இளம்பெண்கள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஆட்கள் வந்து கைகுலுக்கினார்கள். எவ்வளவு தைரியசாலி உங்க அக்கா என்றார்கள். ஆமாம் என்றாள்.

வரிசையின் கடைசியில் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி வந்தாள். பத்து வயதிருக்கும். டாரா என்று பெயர்ச்சீட்டு குத்தியிருந்தது. சாண்ட்விச்சுக்குக் கையை நீட்டாமல் அங்கேயே நின்றாள்.

"எனக்கு அந்தப் புக்கு மனப்பாடம்" என்றாள்.

"நல்லது கண்ணு. முட்டையா, ஹாமா?"

"நாப்பத்தோராம் பக்கத்துல எல்வின்னு இருக்கு. நீங்க அவள்னு படிச்சீங்க."

எல்வா சுற்றிப் பார்த்தாள். ராபின் தூரத்தில் போதகரோடு பேசிக்கொண்டிருந்தாள். "கண்ணாடி சரியில்ல" என்றாள். "வயசாயிடுச்சில்ல."

டாரா நம்பியதாகத் தெரியவில்லை. எல்வா ஒரு தட்டை நிமிர்த்தி, இரண்டு முக்கோணம் வைத்து, வலது கையால் நீட்டினாள். பெண் தட்டை வாங்கவில்லை. தட்டுக்கு அடியில் இருந்த கையைக் குனிந்து பார்த்தாள். பிறகு தானே தட்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, அந்தக் கையைத் திருப்பினாள்.

சுண்டுவிரலுக்குக் கீழே தொடங்கி, கட்டைவிரலின் அடிவரை, வெள்ளைவெள்ளையாகச் சின்ன முடிச்சுகள். டாரா ஒரு விரலை முதல் முடிச்சின்மேல் வைத்தாள். அடுத்ததற்கு நகர்த்தினாள். எல்வா கையை எடுக்கவில்லை. வாசலில் பஸ்காரர் ஹாரன் அடித்தார், டீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அந்த விரல் அவசரப்படாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தது.