தளிர்க்காத முகூர்த்தக்கால்

கல்யாணத்துக்கு மஞ்சள் துணி கட்டி ஊன்றிய கல்யாண முருங்கைக் கொம்பு தளிர்க்கவே இல்லை. பந்தலைப் பிரித்து, வாடகை நாற்காலிகளை ஹாலிஎலவுக்கு அனுப்பி, உறவெல்லாம் ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் அது தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் மொட்டையாக நின்றது. முகூர்த்தக்கால் பச்சை பிடித்தால்தான் வந்தவள் ராசியானவள் என்று லயமே நம்பியது. புது மருமகள் சுபாஜினியும் நம்பித் தொலைத்தாள். அதுதான் வினை.

"என்ன புள்ள, கால் இன்னும் துளுக்கலையா?" என்று தண்ணீர் பிடிக்கிற இடத்தில் யாராவது ஒருத்தி கேட்டுவிடுவாள். கேட்பவளுக்குப் பொழுதுபோக்கு. சுபாஜினிக்கு அன்று சோறு இறங்காது. பதுளைத் துணிக்கடையில் சேலை மடிக்கும்போதும் நினைப்பு வாசலிலேயே கிடக்கும். மாமியார் ஜெயலெட்சுமியோ அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. அந்த மௌனம் அவளை இன்னும் அரித்தது.

பிறந்த வீட்டு வேலியிலும் இதே மரம் உண்டு. இலை கொட்டிச் சிவப்பாகப் பூத்துவிட்டால் மைனாவும் அணிலும் தேனீயும் விடியுமுன்பே சண்டைக்கு வந்துவிடும். அதுவும் வெறும் கொம்பாக நட்டதுதான். இதற்கு மட்டும் என்ன கேடு?

மாமியார் தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்கக் காலைப் பெரட்டுக்குக் கிளம்பியதும், கொம்பை மெல்ல உருவி வேர் வந்திருக்கிறதா என்று பார்ப்பாள். இருக்காது. திரும்பச் செருகி, மண்ணை மிதித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். தினமும் இதே கூத்து. ஒரு நாள் பட்டை சுருங்கியிருக்கும், மறுநாள் பச்சையாகத் தெரியும். மழை செய்த வேலை என்று நினைத்துக்கொள்வாள்.

அன்று கொம்பும் கையுமாக நின்றபோது, மறந்துபோன மழைக்கோட்டை எடுக்க மாமியார் திரும்பி வந்துவிட்டாள்.

"வேர் வந்துருக்கான்னு பாத்தேன் மாமி."

"தெனமும் பாக்குறியா?"

சுபாஜினி தலையசைத்தாள். ஜெயலெட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! புடுங்கிப் புடுங்கிப் பாத்தா எப்புடிடி வேர் விடும்? கொம்புதான் சரியில்லன்னு நான் மாத்திக்கிட்டே இருக்கேன்!"

"மாத்துனீங்களா?"

"கல்யாணத்துக்கு ஊனினது எப்பவோ அழுகிப்போச்சு. ஒன்னைய ஒருத்தி ஒரு சொல்லு சொல்லிரக் கூடாதேன்னு, நீ கடையில இருந்து வர்றதுக்குள்ள மஞ்சத் துணிய அவுத்துப் புதுசுல கட்டி வப்பேன். இது மூணாவது."

இவளுக்கா இத்தனை நாள் பயந்து செத்தோம்? சுபாஜினிக்கு வெட்கமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"அப்ப என் ராசி, மாமி?"

"ராசிக்கு என்னடி கொறச்சல்? கைதான் சும்மா இருக்க மாட்டேங்குது. ஊனு அத. இனி யாரும் தொடக் கூடாது."

ஊன்றினாள். மாமியாரே குனிந்து மண்ணை அழுத்தினாள். நிமிர்ந்தவள், கொம்பு உறுதியாக நிற்கிறதா என்று ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள்.

"மாமி!" என்று கத்தினாள் சுபாஜினி.