தெளிந்த எண்ணெய்

போல்ட் கழன்றதும் எண்ணெய் தேன் நிறத்தில், தெளிவாக, பேசினுக்குள் இறங்கியது. காரின் அடியில் மல்லாந்து கிடந்தவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓடி முடித்த எண்ணெய் கறுத்துப்போயிருக்கும் என்று கையேட்டில் படித்திருந்தான். நூலகத்தில் வேலை பார்ப்பவனுக்குப் படிக்கவா தெரியாது? இது கறுக்கவே இல்லை. வண்டியை எப்படி வைத்திருந்திருக்கிறாள்! இப்படிப்பட்டவளோடு வாழத் தெரியாத மடையனே என்று தன்னை ஆசை தீரத் திட்டிக்கொண்டான்.

பன்னிரண்டு வருஷக் கல்யாணம் போன மாதம் கோர்ட்டில் நாலு கையெழுத்தோடு முடிந்திருந்தது. வீடு அவனுக்கு, கார் அவளுக்கு. அவள் பிசியோதெரபிஸ்ட், வீடு வீடாகப் போய், விழுந்தவர்களை நடக்க வைப்பவள். வேறு ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, இன்று பத்து மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு ஆறு மணி நேரம் ஓட்டிப் போகிறாள். ஆயில் மாற்றுவது எப்போதும் அவள் வேலை. "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பது அவன் வேலை. குழாய் ஒழுகினாலும் அதே பதில், அவள் அழுதாலும் அதே பதில். இந்த ஒன்றையாவது அவள் கேட்காமலே, நேரத்துக்கு முன்னாலேயே செய்து கொடுத்துவிட வேண்டும் என்று விடிந்ததும் ஜாக்கியோடு இறங்கியிருந்தான்.

பில்ட்டரைத் திருகியபோது மட்டும் கன்னங்கரேலென்று கை முழுக்க வழிந்தது. அழுக்கைப் பிடித்து வைக்கத்தானே பில்ட்டர் என்று அதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்தான். புதியதை மாட்டி, ஒரு கேன் எண்ணெயையும் சொட்டு சிந்தாமல் ஊற்றி, வண்டியை இறக்கிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால், அசல் மெக்கானிக் மாதிரியே இருந்தான். மூக்கில்கூடக் கறுப்பு.

அவள் வந்தாள். "ஆயில் மாத்திட்டேன்" என்றான், பரீட்சையில் பாஸானவன் போல.

தூரப் பயணத்துக்கு முன்னால் அளவுக் கம்பியை உருவிப் பார்க்காமல் அவள் சாவி போடமாட்டாள். பார்த்தாள். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். எண்ணெய் கோட்டைத் தாண்டி எங்கேயோ ஏறி நின்றது.

"பழைய ஆயில் எங்க?"

பேசினைப் பெருமையோடு நீட்டினான். விரல் நுனியில் தொட்டு மோந்து பார்த்தாள்.

"இது கியர்பாக்ஸ் ஆயில்."

அவன் பேசினைத் தன் பக்கம் இழுத்து, தானும் மோந்து பார்த்தான்.

"இன்ஜின்ல பழசும் இருக்கு, அதுமேல புதுசும் இருக்கு. கியர்பாக்ஸ் காலி. இப்படியே கிளம்பியிருந்தா நடுரோட்டுல நின்னிருப்பேன்." அவள் குரல் இறங்கியது. "வேணும்னேதானே பண்ணின? நான் போகக் கூடாதுன்னு."

வக்கீல் ஆபீஸுக்குப் போனதிலிருந்து 'நீங்க' என்று கொன்றுகொண்டிருந்தவள், கோபத்தில் பழைய 'நீ'க்கு வந்திருந்தாள். அதற்காகவே இன்னொரு கார் கிடைத்தால் அதையும் பாழாக்கலாம் போலிருந்தது.

"சத்தியமா இல்ல. அவ்வளவு சாமர்த்தியம் இருந்தா நான் ஏன் இப்படி இருக்கேன்?"

சிரிப்பு அவள் உதடு வரை வந்து திரும்பிப் போனது.

உதிரிபாகக் கடைக்குப் போன் செய்து இரண்டு ஆயிலும் வரவழைத்தாள். வண்டியை மறுபடி தூக்கினார்கள். நல்ல உடுப்போடு அவளே அடியில் போய்ப் படுத்தாள். அவன் பக்கத்தில் குந்தி, கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தான்.

"இங்க பாரு. இது இன்ஜின் போல்ட். அது கியர்பாக்ஸ் போல்ட். அடுத்த தடவை..."

நிறுத்திக்கொண்டாள். அடுத்த தடவைக்கு இந்த வீட்டில் கார் இல்லை.

கறுப்பு எண்ணெய் வெகுநேரம் வடிந்தது. அவள் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அடியிலிருந்து குரல் வந்தது.

"போகாதேன்னு வாயால சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா இருந்திருப்பியா?"

ஸ்பேனர் சத்தம் நின்றது. "இப்பக் கேக்குற பாரு" என்றாள். பிறகு போல்ட் இறுகத் தொடங்கியது. இன்னும் இரண்டு சுற்று இருக்காதா என்று அவன் நினைப்பதற்குள் இறுகிவிட்டது.

மதியம் கிளம்பினாள். அவன் கேட்டருகே நின்றான். கையசைக்கத் தூக்கிய கையிலிருந்து எண்ணெய் முழங்கை வரை ஓடியது, அப்படியே நிறுத்திக்கொண்டான். கார் தெருமுனை வரை போய் நின்றது. குறுக்கே ஒரு வண்டியும் இல்லை, ஒரு சைக்கிள்கூட இல்லை. ஆனாலும் அது திரும்பவில்லை. வலது பக்க இண்டிகேட்டர் விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது.