என்னை ஃபெயில் பண்ணிடுங்க

டிசம்பர் பிறந்தால் போதும், கிரேடைக் கூட்டிப் போடச் சொல்லி மாணவர்கள் வரிசை கட்டி வந்துவிடுவார்கள். கார் நின்றுபோன கதை, நாய் செத்துப்போன கதை, காதலி விட்டுப்போன கதை என்று பதினெட்டு வருடமாகக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஆனால் கிரேடைக் குறைத்துப் போடச் சொல்லிக் கெஞ்சியவர் ஒரே ஒருவர்தான். வெர்லின் ஹக்கபி. வயது அறுபத்தேழு. முப்பத்தோரு வருடம் பால் டேங்கர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். என் எண்ணெய் வண்ண ஓவிய வகுப்பில் இருபத்திரண்டு பேர். அதில் உருப்படியாக வரைகிறவர் அவர்தான்.

"என்னை ஃபெயில் பண்ணிடுங்க மேடம்," என்றார், ஏதோ பெட்ரோல் போடச் சொல்வது போல.

நான் கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு, அங்கேயே நின்றபடி மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். காலையில் ஒரு கல்லூரி, மதியம் ஒரு கல்லூரி, செவ்வாயும் வியாழனும் மூன்றாவதாக ஒரு கல்லூரி. மூன்றுக்கும் நடுவே பாதாம் தோட்டங்களும் நெடுஞ்சாலையும் மூடுபனியும். பகுதிநேர ஆசிரியைக்கு அறை கிடையாது, நாற்காலி கிடையாது. இருப்பதெல்லாம் அந்த டிக்கிதான்.

"புரியல. திரும்பச் சொல்லுங்க," என்றேன்.

"எஃப் போடுங்க. பாஸ் பண்ணிட்டா அடுத்த டெர்ம் என்னை உள்ள விடமாட்டாங்களே."

அவர் சொன்னது உண்மை. எங்கள் சமுதாயக் கல்லூரியில் ஒரு வகுப்பில் தேறிவிட்டால் அதே வகுப்பில் மறுபடி சேர முடியாது. முன்பெல்லாம் அப்படி இல்லை. ஓய்வு பெற்றவர்கள் பத்து வருடம்கூட ஒரே வகுப்பில் ஒரே ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வரைவார்கள். மேலிடத்தில் யாருக்கோ அது கண்ணை உறுத்தியது, விதி வந்தது. இதற்கு அடுத்த நிலை வகுப்பு ஒன்று இருந்தது. அதையும் செலவு என்று வெட்டிவிட்டார்கள். ஆக, தேறினால் வெளியே, தோற்றால் உள்ளே. இந்த அழகில் இதற்குப் பெயர் கல்லூரி.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் தடவை எனக்கு முன்பிருந்த ஆசிரியரிடம் படித்தபோது வெர்லின் கடைசிப் படத்தைக் கொடுக்கவில்லை. போன டெர்மில் என்னிடம் படித்தபோதும் கடைசி இரண்டு வாரம் ஆளைக் காணோம். கூச்சப்படுகிறார் என்று நினைத்துப் பரிதாபப்பட்டு, நீளமாக ஒரு ஆறுதல் மின்னஞ்சல்கூட எழுதினேன். மனிதர் திட்டம் போட்டே கவிழ்ந்திருக்கிறார்.

"நான் பொய்யா கிரேடு போடமாட்டேன் வெர்லின். உங்களுக்கு ஏ. அவ்வளவுதான், போயிட்டு வாங்க."

"ஏ-வை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? லாரிக்கு முன்னாடி ஒட்டிக்கவா?"

"வீட்லயே வரையலாமே."

"வீட்லயா!" அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "மக வீட்டுப் பின்னாடி டிரெய்லர்ல இருக்கேன். நான் எதை வரைஞ்சாலும் 'சூப்பர்ப்பா, சூப்பர்ப்பா'ங்கறா. மாப்பிள்ளையும் அதையேதான் சொல்றான். போன வாரம் தூரிகை தொடைச்ச துணியைக் காயப் போட்டிருந்தேன், அதையும் நல்லாருக்குன்னுட்டான். இங்கதான் மேடம் என் படத்தைப் பார்த்து, இந்த மாடு மேசை மாதிரி இருக்குன்னு சொல்றாங்க. எனக்கு அது வேணும். அது இல்லாம நான் என்னத்தைக் கத்துக்கிறது?"

அவர் சொன்னது எங்கள் 'சுவர் நாள்' பற்றி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லோரும் படங்களைச் சுவரில் மாட்டுவார்கள். ஒவ்வொரு படமாகப் பேச வேண்டும். வரைந்தவர் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. எல்லோரும் பேசி முடித்த பிறகுதான் அவர் முறை. நெஞ்சில் உரமில்லாதவர்கள் முதல் சுவர் நாளோடு வகுப்பைவிட்டு ஓடிவிடுவார்கள். வெர்லின் அதற்காகவே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வருவார்.

"முடியாது," என்றேன். "நீங்க கொடுத்த நாலு படத்துக்கும் ஏற்கெனவே ஏ போட்டாச்சு. பால் பண்ணையில வேலை பார்க்கிறவங்க படம் நாலும் வகுப்பு அலமாரியில இருக்கு."

"அதை நான் திரும்ப எடுத்துக்கிட்டா?"

"எடுத்துக்கோங்க! கடைசிப் படம்னு ஒண்ணு கொண்டு வருவீங்கல்ல, அதை வச்சு மார்க் போடறேன்!" என்று கத்திவிட்டேன். மூன்றாவது கல்லூரிக்கு நேரமாகிவிட்டது, எப்படியாவது இவரிடமிருந்து தப்பித்தால் போதும் என்று இருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் உள்ளே இருக்க வேறு வழியே இல்லாமல் இல்லை. தனிப்படிப்பு என்று ஒன்று உண்டு. வகுப்பில் பி-யோ அதற்கு மேலோ வாங்கியவர், ஓர் ஆசிரியர் கையெழுத்துப் போட்டால், இரண்டு வருடம் அதே அறையில் அதே வகுப்போடு உட்கார்ந்து வரையலாம், சுவர் நாளிலும் கலந்துகொள்ளலாம். அந்த ஆசிரியர் வாரம் மூன்று மணி நேரம் அவருக்கென்று தனியாக ஒதுக்க வேண்டும். பகுதிநேர ஆசிரியைக்கு அதற்குச் சம்பளம் கிடையாது. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை.

கடைசிச் சுவர் நாள் வந்தது. வெர்லின் ஒரு படத்தை மாட்டினார். நான் பார்த்தேன், என் பல் கூசியது. ஒரு லாரி. சாலை எங்கோ போகிறது, லாரி வேறெங்கோ போகிறது. வானத்துக்குக் குழாயிலிருந்து பிதுக்கிய நீலத்தை அப்படியே அப்பியிருந்தார். சக்கரங்களில் ஒன்று சதுரமாக இருந்தது. இடது கையால், பத்து நிமிடத்தில், வேண்டுமென்றே செய்த குப்பை. இவ்வளவு மோசமாக வரைய அவருக்குக் கொஞ்சம் திறமை தேவைப்பட்டிருக்கும்.

மூலையில் கைகட்டி நின்றார். முகத்தில் ஒரு திருப்தி.

முதலில் பா ஹுவா பேசினாள். செவிலியர் படிப்புக்காக வந்தவள், ஒரு கலை வகுப்பு கட்டாயம் என்பதால் இங்கே மாட்டிக்கொண்டவள். "எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு அங்கிள். சுதந்திரமா இருக்கு."

வெர்லினின் திருப்தி கலைந்தது.

"ஆமா," என்றான் எஃப்ரெயின். வெல்டிங் படிக்கிற பையன். "அந்தச் சதுரச் சக்கரம் இருக்கே, செம. அந்த வேலையோட களைப்பு அப்படியே தெரியுது."

"பழைய படங்கள்ல எல்லாம் ரொம்பக் கட்டுப்பாடு. இதுல மனசு இருக்கு," என்றாள் இன்னொருத்தி.

ஒருவர் பாக்கியில்லாமல் பாராட்டினார்கள். வெர்லினின் கழுத்து சிவந்தது, காது சிவந்தது. வாயைத் திறக்கக் கூடாதே! ஒரு கட்டத்தில் கையைத் தூக்கினார். நான் தலையாட்டி மறுத்தேன், விதி விதிதான். கடைசியில் அவர் முறை வந்தபோது மனிதர் வெடித்துவிட்டார்.

"இது குப்பைப்பா! கண்ணு தெரியலையா உங்களுக்கு? குப்பைன்னு தெரிஞ்சே வரைஞ்சேன்! இதைப் போய் மனசுங்கறீங்க. அப்போ இத்தனை நாளா எங்கிட்ட சொன்னதெல்லாம்?"

பா ஹுவா தரையைப் பார்த்தாள். "உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு தான் அங்கிள்," என்றாள். "கடைசி நாளாச்சே."

வெர்லின் என்னைப் பார்த்தார். அந்த வகுப்பில் உண்மை சொல்லச் சம்பளம் வாங்குகிறவள் நான் ஒருத்திதான்.

"படு மோசம்," என்றேன். "இந்த வகுப்பில் நான் பார்த்ததிலேயே மோசமான படம்."

"தேங்க்ஸ் மேடம்," என்றார், உயிர் வந்தவர் போல.

அன்று மாலை எஃப் போட்டேன். பண்ணைப் படம் நாலையும் அவர் முன்பே எடுத்துக்கொண்டு போய்விட்டதால் கையில் இருந்தது அந்த ஒரு படம், அது எஃப்புக்குத் தகுதியான படம். பொய் சொல்லாமலே ஒருவருக்கு நல்லது செய்துவிட்டேன் என்று உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கங்கெட்ட பெருமை.

ஜனவரியில் புது டெர்ம் பட்டியல் வந்தது. அதில் வெர்லின் பெயர் இல்லை. முதல் நாள் வகுப்புக்குப் போனால் அறை வாசலில், இஸ்திரி போட்ட சட்டையோடு, வண்ணப் பெட்டியை அணைத்துக்கொண்டு நிற்கிறார்.

"கம்ப்யூட்டர் சேர்த்துக்க மாட்டேங்குது மேடம். நாலு நாளா அடிச்சுப் பார்க்கறேன்."

அவரை இழுத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே லூர்தஸ் ஃபரீயா இருந்தார். இருபது வருடமாக அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர். திரையை ஒரு பார்வை பார்த்தார்.

"மூணு தடவை ஆயிடுச்சு. மூணு தடவைக்கு மேல யாருக்கும் கிடையாது. ஃபெயிலானாலும் கிடையாது."

"அஞ்சு தடவை இல்ல?" என்றேன்.

"இங்க மூணு. அஞ்சு உங்களோட அந்த இன்னொரு காலேஜ்ல இருக்கும்."

மூன்று கல்லூரி, மூன்று விதிப்புத்தகம். ஒன்றின் விதியை இன்னொன்றில் நினைத்துக்கொண்டு அந்த எஃப்பைப் போட்டிருக்கிறேன். எனக்குத் தலையை எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அப்போ முடிஞ்சுதா?" என்று வெர்லின் கேட்டார். வண்ணப் பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "சரி. பரவாயில்ல. சொன்னாங்கல்ல, அப்புறம் என்ன."

"தனிப்படிப்புல சேரலாம்," என்றார் லூர்தஸ், வேறு ஏதோ தட்டச்சிட்டபடி. "ஆனா அதுக்கு பி வேணும். உங்களுக்கு மூணு எஃப் இருக்கு. கிரேடை மாத்தணும்."

"மாத்துங்க," என்றேன்.

ஒரு படிவத்தைத் தள்ளினார். கிரேடை மாற்ற நான்கே காரணங்கள், நான்கு கட்டங்கள். பிழை. மோசடி. ஆசிரியரின் தீய நோக்கம். திறமையின்மை. கீழே விளக்கம் எழுத நாலு வரி இடம்.

நான் 'பிழை'யை நோக்கிப் பேனாவைக் கொண்டுபோனேன்.

"அது நிக்காது," என்றார் லூர்தஸ். "பிழைன்னா கூட்டல்ல தப்புன்னு காட்டணும். நீங்க பார்த்துப் போட்ட மார்க் தானே? திருப்பி அனுப்பிடுவாங்க. மத்த மூணும் உங்க ஃபைலுக்குப் போகும். அடுத்த டெர்ம் வகுப்பு கொடுக்கறப்ப எடுத்துப் பார்ப்பாங்க. யோசிச்சுப் பண்ணுங்க, தாலீன்."

"வேண்டாம் மேடம்," என்றார் வெர்லின். "எனக்காக உங்க பொழப்பைக் கெடுத்துக்காதீங்க. நீங்க எனக்கு நல்லதுதானே நினைச்சீங்க."

அந்த 'நல்லது'தான் தாங்க முடியவில்லை. எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது, விதி போட்டவர்கள் மேல் இல்லை, கம்ப்யூட்டர் மேல் இல்லை.

"நல்லது ஒண்ணும் நினைக்கல," என்றேன். "இந்தத் தனிப்படிப்பு எனக்கு டிசம்பர்லயே தெரியும் வெர்லின். நீங்க டிக்கி பக்கத்துல நின்னு கேட்டப்பவே தெரியும். ஏ-வோட நேரா சேர்ந்திருக்கலாம். வாரம் மூணு மணி நேரம் சம்பளமில்லாம உட்காரணுமேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

லூர்தஸின் தட்டச்சு நின்றுவிட்டது.

"சொல்லியிருக்கலாமே மேடம்," என்றார் வெர்லின்.

அவ்வளவுதான் சொன்னார். கத்தியிருந்தால்கூடத் தேவலை. மூன்றாவது கட்டத்தில், 'ஆசிரியரின் தீய நோக்கம்' என்பதில், டிக் போட்டேன். விளக்கம் என்ற இடத்தில், 'மாணவருக்கு இருந்த வழி எனக்குத் தெரியும், தெரிந்தே சொல்லவில்லை' என்று எழுதினேன். நாலு வரி தேவைப்படவில்லை. திருத்திய கிரேடு என்ற இடத்தில் ஏ என்று எழுதப் போனேன்.

"ஏ வேணாம்," என்றார் வெர்லின்.

"பண்ணைப் படம் நாலுக்கும் ஏ போட்டதுதானே?"

"அதுல ஒரு ஆளுக்காவது கை சரியா இருக்கா? எல்லாம் கையுறை மாட்டின மாதிரி இருக்கு. நான் முப்பது வருஷம் அந்தக் கைகளைப் பார்த்தவன், எனக்குத் தெரியாதா? உங்களுக்கும் தெரியும். அதைச் சொல்ல ஆரம்பிச்சா நேரமாகும்னு ஏ போட்டுட்டீங்க."

படங்கள் சுவரில் இருந்தபோதே அந்தக் கைகளை நான் பார்த்திருந்தேன். அடுத்த கல்லூரிக்கு நாற்பது நிமிடம்தான் இருந்தது. நன்றாக இருக்கிறது வெர்லின், ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஓடினேன். அவர் மகள் சொல்வதைத்தான் நானும் சொல்லியிருக்கிறேன்.

பி என்று எழுதி, அந்த வாரம் மூன்று மணி நேரத்துக்கும் சேர்த்தே கையெழுத்துப் போட்டு ஜன்னலுக்குள் தள்ளினேன்.