வீட்டுக்கு ஒரு துண்டு

மார்ச் மாதம் பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை. தையல்காரம்மாவின் இடக்கண்ணில் அன்று செய்யப்பட வேண்டிய புரை அறுவை செய்யப்படவில்லை. மருத்துவர் வந்திருந்தார், மின்சாரம் இருந்தது, முறைப்படி அந்த அம்மாளை அழைக்கவும் செய்தனர். ஆயினும் அவர் அறுவை அறையின் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டார். அவர் கண் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பை அவருக்குக் கொடுத்தவர்கள் ஊரார் அல்லர், அவர் வீட்டாரே.

அந்த அம்மாளுக்கு வலக்கண் மங்கிப் பல காலமாயிற்று. இடக்கண்ணை நம்பியே தையல் எந்திரம் ஓடியது. இப்போது அதிலும் புகை படிந்தாற்போல் இருந்தது. சென்ற மாதம் ஒரு சட்டைக்கு வலக்கையை இடப்பக்கமும் இடக்கையை வலப்பக்கமும் வைத்துத் தைத்துவிட்டார். வாங்கிப் போனவர் மறுநாள் அதைப் போட்டுக்கொண்டே வந்து, எதிரில் நின்று காட்டிவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அதன்பின் அந்தத் தெருவிலிருந்து துணி வருவது நின்றது. கண் தெளியாவிட்டால் எந்திரத்துக்கு உறை போட்டு மூடிவிட வேண்டியதுதான்.

வீட்டில் நால்வர். கணவர் ஒரு தங்கும் விடுதியில் அறைகளுக்குப் பொறுப்பாளர். மகள் கல்லூரியில் படிப்பவள். நான்காமவர் கணவரின் தம்பி, பேருந்து ஓட்டுநர், எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வீட்டில் அவருக்கு ‘வக்கீல்’ என்று பெயர்.

கண்நோய் முதலில் வக்கீலுக்குத்தான் வந்தது. பணிமனையில் பாதிப்பேருக்கு வந்திருந்ததாம். வீடு உடனே விழித்துக்கொண்டது. அவருக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டினார்கள். நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டார்கள். எல்லாரும் அவருடைய முதுகோடுதான் பேசினார்கள்.

“சித்தப்பா, இந்தப் பக்கம் திரும்பாதீங்க! பார்த்தாலே ஒட்டிக்குமாம்.”

“அப்படிப் பார்த்தா, இத்தனை வருஷமா பஸ் கண்ணாடியில என்னைப் பார்த்த பயணிங்களுக்கெல்லாம் என் அழகு ஒட்டியிருக்கணுமே?”

“பாவம், அவங்களுக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்?” என்றார் தையல்காரம்மா.

கை கழுவுவதிலும் குறை வைக்கவில்லை. சோப்பு சோப்பாகக் கரைந்தது. அவ்வளவு செய்தும் தையல்காரம்மாவின் கண் சிவந்தது. அறுவை அறை வாசலில் செவிலி இமையைத் தூக்கிப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

“வீட்ல யாருக்காவது கண்வலி இருக்கா?”

“என் கொழுந்தனுக்குங்க. ஆனா நான் அவர் முகத்தையே பார்க்கலைங்க.”

“பார்த்தா ஒட்டாதும்மா. அவர் முகம் துடைக்கிற துண்டு எது?”

“எதுன்னா… எங்க வீட்டுத் துண்டுதான்.”

செவிலி பெருமூச்சு விட்டார். “கண்ணுத் தண்ணி கையில படும், துண்டுல படும், தலையணையில படும். அங்கேருந்துதான் அடுத்தவங்களுக்குப் போகும். இந்தக் கண்ணோட அறுவை செஞ்சா உள்ளே சீழ் பிடிச்சு, இருக்கிற பார்வையும் போயிடும். சரியானப்புறம் வாங்க, இன்னொரு தேதி தர்றேன். அன்னைக்கும் சிவந்திருந்தா வரிசையில கடைசிதான். உங்க முறை வர்றதுக்குள்ள மழைக்காலம் வந்துடும்.”

அந்த ‘வீட்டுத் துண்டு’ சாதாரணத் துண்டன்று. விடுதியில் ஓரம் கிழிந்ததென்று கழித்துப்போட்டதைக் கணவர் கேட்டு வாங்கி வந்தார். போர்வைக்கு நிகரான அகலம். பூனைக்குட்டி போன்ற மென்மை. கைகழுவும் தொட்டியருகே அது கொலு வீற்றிருந்தது. நால்வரும் நன்றாகக் கழுவிவிட்டு அதில்தான் முகம் புதைத்தார்கள். அது காய்ந்து ஒருவரும் பார்த்ததில்லை.

அன்று மாலை தையல்காரம்மா அதை இறக்கி மேசைமேல் விரித்து, பெரிய கத்தரிக்கோலை எடுத்தார்.

கணவர் பதறினார். “என்ன பண்றே? கடையில போய்க் கேளு, இந்த மாதிரி கிடைக்குமா?”

“ஆளுக்கொண்ணா வெட்டப் போறேன்.”

“நல்லா இருக்கு! நாம என்ன அந்நியரா? இன்னைக்குத் துண்டைப் பிரிப்பே, நாளைக்கு அடுப்பைப் பிரிப்பியா?”

“அதானே!” என்று சுவரைப் பார்த்தபடியே வக்கீலும் சேர்ந்துகொண்டார்.

“நீங்க வாயைத் திறக்காதீங்க, வக்கீலே. வழக்கே உங்க மேலதான்.” பிறகு கணவர் பக்கம் திரும்பினார். “ஏங்க, உங்க விடுதியில புருஷன் பொண்டாட்டி வந்து தங்கினா எத்தனை துண்டு வைப்பீங்க?”

“ரெண்டு.”

“ஒண்ணு போதாதா? அவங்க என்ன அந்நியரா?”

கணவர் துண்டின் மறுமுனையை அவரே இழுத்துப் பிடித்தார்.

கண்ணை நம்பாமல் கைத்தடவலிலேயே வெட்டினார் தையல்காரம்மா. ஓரம் சற்றுக் கோணியது. துண்டு மாறிவிடாதிருக்க, தமக்கு ஒரு பொத்தான், கணவருக்கு நாடா, மகளுக்குச் சரிகை, வக்கீலுக்கு ஒரு கொக்கி என்று மூலையில் தைத்தார்.

“எனக்கு மட்டும் ஏன் அண்ணி கொக்கி?”

“எல்லாத்துலயும் கொக்கி போடுறவருக்கு வேற என்னத்தைத் தைக்க?”

அதன்பின் கணவரைப் பிடிக்க முடியவில்லை. விடுதியில் செய்வதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். தலையணை உறைகளைக் கழற்றி வெந்நீரில் அலசி, மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டார். ஈரத்துண்டு கண்ணில் பட்டால் வீட்டையே இரண்டாக்கினார்.

தையல்காரம்மாவின் கண்ணில் சிவப்பு நீங்கியது. ஆனால் அடுத்த தேதி நெருங்குகையில் மகள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுந்து வந்தாள். தாய்க்குச் சொட்டு மருந்து விடுபவள் அவள்தான்.

“கிட்ட வராதேம்மா. உன் துண்டை நீயே எடுத்துத் தனியா ஊறப்போடு,” என்றார் தையல்காரம்மா. சொட்டு விடும் வேலையைக் கணவர் ஏற்றார். முழங்கை வரை கழுவி, தமக்குரிய துண்டில் துடைத்து, புட்டியின் முனை இமையில் படாமல் விட்டார். முதல் சொட்டு மூக்கில் விழுந்தது.

நாள்தோறும் காலையில் அந்த அம்மாள் கேட்பது ஒன்றே: “சிவந்திருக்கா?” மூவரும் தள்ளி நின்று எட்டிப்பார்ப்பார்கள். “இல்லை அண்ணி” என்பார் வக்கீல். அவர் வாதாடாமல் சொன்ன சொல் அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

குறித்த நாளில் அதே செவிலி இமையைத் தூக்கினார். விளக்கை அருகே கொண்டுவந்து மீண்டும் பார்த்தார்.

“வீட்ல யாருக்காவது?”

“பொண்ணுக்கு வந்துச்சுங்க. அவளோட நின்னுடுச்சு.”

“உள்ளே வாங்க,” என்றார் செவிலி. தையல்காரம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தார்.

இதைப் படிப்பவரே, உமக்கும் ஒரு வீடு உண்டு. அதில் கைகழுவும் இடமும் உண்டு. அங்கே தொங்கும் துண்டுகளை எண்ணும். பிறகு வீட்டிலுள்ள தலைகளை எண்ணும். இரண்டும் ஒத்துவராவிட்டால் இன்றே ஆளுக்கொரு துண்டு போடும். அதைத் துவைத்து, வெயிலில் உலர்த்தும். ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று எம்மிடம் சொல்லாதீர், எழுந்திரும்.